போதனாசிரியர் கேட்கவும் பழகல் வேண்டும்

பேராதனையில் விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமும் பல்கலைக்கழக விவசாய பீடமும் உள. இத்துணை அறிவு குவிந்த கண்டிச் சுற்றுப்புறத்திலேயே, மரக்கறியில் நோய் கண்ட கமக்காரர் பலர் முதலில் நாடுவது மருந்துக் கடையையே.

குறை அவர்பால் இல்லை. 1989 ஆம் ஆண்டில் கிராம மட்ட விவசாய விரிவாக்க ஊழியர் கிராம நிருவாகப் பதவிகளுக்கு மாற்றப்பட்டனர். அதன் பின் போதனாசிரியர் ஒருவரே பல கிராமங்களைப் பார்க்க நேர்ந்தது. கிடைக்கும் சிறு நேரத்திலும் நாம் பேசுகின்றோமேயன்றிக் கேட்பதில்லை. மண்ணையும் பூச்சியையும் அறிந்தவரே தேர்ந்தவர் என்னும் எண்ணம் எம் தொழிலில் வேரூன்றிவிட்டது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவெம்பரில் அத்தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் வயல் வரம்பில் நின்று விடை கூற வேண்டியவர் போதனாசிரியரே. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசனுள்ள கூட்டெருவாயின், அதே அளவைப் பெற 2,300 கிலோ வேண்டும். இதனைச் சுமந்து செல்லும் கூலியையும் சேர்த்தே கமக்காரர் கணக்கிட்டனர். அக்கணக்கைத் திருத்தமாக எழுதி, அஞ்சாது மேலிடத்துக்கு உரைப்பதே தலைமை என்பேன், மேடையில் முழங்குவதன்று.

ஆகவே, பதவிக்காலப் பயிற்சியில் கூட்டம் நடத்துதல், குறிப்பெழுதுதல், தமிழ் சிங்களம் இரண்டிலும் உரையாடுதல் ஆகியன இடம்பெறல் வேண்டும். காட்டோரத் தோட்டங்களில் பன்றியும் குரங்கும் விளைக்கும் அழிவு பற்றி வன உத்தியோகத்தரும் உடனிருந்து கேட்டல் நன்று.

கமக்காரரே, அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் போதனாசிரியர் குறிப்பேட்டைத் திறவாதிருப்பின், திறக்குமாறு கேளுங்கள்.