ஹெவி என்றால் "பாரமான" மட்டும்தானா?

ஆறாம் தரப் பிள்ளையிடம் 'ஹெவி' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "பாரமான" என்று உடனே பதில் வரும். பிழையில்லை. ஆனால் அதே பிள்ளை ஓ/எல் எழுதப் போகும்போதும் அந்த ஒற்றை அர்த்தத்தோடுதான் போகிறது. பலத்த மழை பெய்தது என்று எழுதச் சொன்னால் 'ஸ்ட்ரோங் ரெய்ன்' என்று எழுதிவிடுகிறது.

ஆங்கிலத்தில் காற்று ஸ்ட்ரோங், மழை ஹெவி. தேத்தண்ணி ஸ்ட்ரோங், வாகன நெரிசல் ஹெவி. விடாமல் சிகரெட் குடிப்பவர் ஹெவி ஸ்மோக்கர். துக்கத்தில் மனம் கனத்தாலும் ஹெவிதான். இதையெல்லாம் "பாரமான" என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்க முடியாது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் இது 'ஹெஃபிக்'. தூக்குதல் என்று பொருள்படும் வினையோடு பிறந்த சொல். அந்த வினை இன்று 'ஹீவ்' என்று இருக்கிறது. பாரமான ஒன்றை முக்கித் தூக்குவது. ஆக, எதைத் தூக்கக் கஷ்டப்பட வேண்டுமோ அது ஹெவி.

நமது 'பாரம்' மட்டும் என்ன? அது வடமொழியிலிருந்து வந்தது. சுமத்தல் என்ற வினையில் பிறந்தது. ஆங்கிலத்தில் சுமப்பதைச் சொல்லும் 'பெயார்' என்ற வினையும் இதே வேரைச் சேர்ந்த தூரத்துச் சொந்தம். பொறுப்பேற்பதை நாம் 'பாரமெடுத்தல்' என்கிறோமே, அதிலும் அந்தச் சுமைதான்.

மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைக்கு இன்னொன்றும் தெரியும். அரபியில் பாரமானது 'ஸகீல்'. தங்கத்தின் ஸகாத்துக்கு 20 மிஸ்கால் என்று படிக்கிறோம். அந்த 'மிஸ்கால்' என்ற நிறையின் பெயரும் அதே மூலத்திலிருந்து வந்ததுதான்.

மூன்று மொழி காதில் விழும் பிள்ளைகள் நமது பிள்ளைகள். அந்தச் செல்வத்தை வைத்துக்கொண்டு நாம் செய்வதென்ன? கொப்பியை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் ஒரு தமிழ்ச் சொல். பாடமாக்கு, ஒப்புவி, முடிந்தது.

"சிலபஸ் முடிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே போவது?" என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். எல்லாச் சொல்லுக்கும் வரலாறு சொல்லத் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு சொல், ஐந்து நிமிடம் போதும். பத்துச் சொல்லை அரைகுறையாகப் பாடமாக்குவதை விட, ஒரு சொல்லை நாலு இடத்தில் பாவிக்கத் தெரிவது மேல்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் பிள்ளையிடம் "மீனிங் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதை எங்கெங்கே சொல்லலாம்?" என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம்.

பாரம் பொருளில் மட்டும் இல்லை, தூக்குபவரின் பழக்கத்திலும் இருக்கிறது. ஆங்கிலம் நமது பிள்ளைகளுக்குப் பாரமாக இருப்பதற்கு அவர்கள் மொக்கு என்பது காரணமல்ல. தூக்கும் விதத்தை நாம் இன்னும் காட்டிக் கொடுக்கவில்லை.