கொன்று பிழைப்பதா, காத்துப் பிழைப்பதா?

விளையாட்டு வினையாகும் என்று பெரியோர் எச்சரித்தனர். கணினியிலும் கைப்பேசியிலும் நாம் ஆடும் ஆட்டங்களைக் கண்டு இன்றைய பெற்றோர் அதையே இருமடங்கு உரத்துச் சொல்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களால் குடும்பங்கள் சீரழிந்ததை நாடு கண்டது. 2025-இல் நாடாளுமன்றம் அவற்றைத் தடுக்கச் சட்டமே இயற்றியது. ஆயினும் கள்ளிப்பாலும் பால்தான் என்பதற்காகப் பசுவின் பாலை வெறுப்பார் உண்டோ? ஆட்டங்களிலும் தரம் பிரித்தறிவதே மாணவர்க்கு அழகு.

பிழைப்பு ஆட்டங்கள் என்று ஒரு வகை உண்டு. வெறுங்கையோடு ஓரிடத்தில் விடப்படுவோம். உணவும் நீரும் நெருப்பும் உறைவிடமும் தேடி உயிர் காக்கவேண்டும். எதை ஆடலாம் என்று விடுதியில் கேட்டால் பலர் சொல்வது பப்ஜிதான். 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டு, 2021 சூலையில் பெயர் மாற்றிக்கொண்டு வந்து, மீண்டும் தடைப்பட்டு, 2023-இல் மீண்ட ஆட்டம் அது! 100 பேர் குதிக்கின்றனர். 99 பேர் மாள ஒருவன் எஞ்சுகிறான். விரைவும் குறியும் அதில் வளரும், மறுக்கவில்லை. ஆனால் அது வேட்டை, பிழைப்பு அன்று. பிறரை இல்லாமற் செய்வதா பிழைப்பு? நாம் இருக்க வழி காண்பதன்றோ பிழைப்பு! இந்த அளவுகோலால் அளந்து நான்கு ஆட்டங்களைத் தோழர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, டோன்ட் ஸ்டார்வ். பட்டினி கிடக்காதே என்பது பொருள். கனடாவின் கிளெய் நிறுவனம் 2013-இல் வெளியிட்டது. நாயகன் வில்சன் ஓர் அறிவியலாளன்; நம் இனத்தான்! வயிற்றுக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, மனத்துக்கு ஒன்று என மூன்று அளவைகள் உண்டு. சேர்த்த உணவு நாள்பட அழுகும். குளிர்காலம் வந்தே தீரும். வயிறு நிறைந்தாலும் மனம் சிதைந்தால் மாள்வோம். மலர் பறித்தால் மனம் சற்றுத் தேறும்! தேர்வுக் காலத்தில் தேநீரே உணவாகக் கிடக்கும் நம்மவர் கற்கவேண்டிய பாடம் இது.

இரண்டாவது, தி லாங் டார்க். இதுவும் கனடாவின் ஆக்கமே. 2017-இல் முழுமை பெற்றது. பனிக்காட்டில் தனித்து விடப்பட்ட ஒருவனின் கதை. பூதமில்லை, பேயுமில்லை. குளிரும் காற்றும் பசியும் ஓநாயுமே பகை. நடந்தால் இத்தனை கலோரி, விறகு வெட்டினால் இத்தனை கலோரி என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஈர உடை உடலின் வெப்பத்தைக் கவர்வதை வகுப்பில் படித்தவர் இங்கே உணர்வர். பெங்களூரின் மார்கழிக்கே போர்வை தேடும் நமக்கு நல்ல பயிற்சி!

மூன்றாவது, சப்நாட்டிகா. 2018-இல் முழுமையாக வெளிவந்தது. கடல் சூழ்ந்த வேற்றுக் கோளில் விண்கலம் வீழ்கிறது. மூச்சுக்காற்றை எண்ணி எண்ணி மூழ்கவேண்டும். கொல்லும் துப்பாக்கி ஒன்றுகூட இதில் இல்லை. 2012-இல் அமெரிக்காவின் சாண்டி ஹுக் பள்ளியில் குழந்தைகள் சுடப்பட்டதை எண்ணியே அவ்வாறு செய்ததாக இதன் ஆக்குநர் கூறியுள்ளார். பப்ஜியை உடைய கிராப்டன் நிறுவனமே 2021-இல் இதனை ஆக்கிய நிறுவனத்தையும் விலைக்கு வாங்கியது! ஒரே கடையில் இருவகைச் சரக்கும் உண்டு. தேர்வு நம் கையில்.

நான்காவது, திஸ் வார் ஆப் மைன். நால்வருள் தலையாயது. 2014-இல் போலந்து நாட்டில் பிறந்தது. 1992 முதல் 1996 வரை முற்றுகையிடப்பட்ட சராயேவோ நகரே இதன் தூண்டுகோல். இங்கே நாம் படைவீரர் அல்லர். இடிந்த வீட்டில் ஒடுங்கிய குடிமக்கள். மழைநீரை வடிகட்டவேண்டும், அடுப்புக்கு விறகு தேடவேண்டும். முதியவர் இருவர் வாழும் வீட்டில் உணவும் மருந்தும் உண்டு. எடுத்தால் தடுப்பார் இல்லை. ஆனால் எடுத்து வந்தவர் மனமுடைந்து சோர்வார். இதனைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாகப் போலந்து அரசு 2020-இல் அறிவித்தது.

இதனை ஆடும் தமிழனுக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வாராதிருக்குமா? 1990-களின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் மின்கலமும் சவர்க்காரமும் அரிதாயின. நம் மக்கள் மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு விளக்கேற்றினர். அவ்வொளியில் பிள்ளைகள் படித்தனர். இதைவிடப் பெரிய பிழைப்புக் கதை எங்கே உண்டு? புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே சொன்ன வெண்பா என்னும் ஆட்டம் 2023-இல் கனடாவின் டொரண்டோவிலிருந்து வந்து உலகப் பாராட்டைப் பெற்றது. போத்தல் விளக்கின் கதையும் ஒருநாள் ஆட்டமாக வேண்டும். அதனை ஆக்குவோர் நம்முள் ஏன் இருக்கலாகாது?

காலம் வீணாகுமே என்பர் சிலர். அளவின்றி ஆடினால் ஆகும், ஐயமில்லை. ஆயினும் 2024 கோடையில் இந்நகரின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தண்ணீர் லாரிக்காக மக்கள் குடத்தோடு நின்ற காட்சியை மறந்துவிட்டோமா? உள்ளதை எண்ணி, பகுத்து, பக்கத்து அறையினரையும் நினைத்து வாழும் பழக்கம் ஊர் விட்டு ஊர் வந்த நமக்குத்தான் முதலில் வேண்டும்.

டோன்ட் ஸ்டார்வும் திஸ் வார் ஆப் மைனும் கைப்பேசியிலும் கிடைக்கின்றன. தள்ளுபடி நாளில் வாங்கினால் மாணவர் பைக்கும் ஏற்றவை. நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை மாலை, நான்காவது ஆட்டத்தைத் திரையில் இட்டு அனைவரும் கூடி ஆடுவோம். முதியவர் வீட்டுக் கதவருகே நின்று, எடுப்பதா விடுப்பதா என்று இரு அணியாகப் பிரிந்து வாதிடுவோம். எந்தப் பட்டிமன்றத் தலைப்புக்கும் அது குறைந்ததன்று.