வாங்குகிற கை நின்றால்...

 

விடியற்காலை நேரம். ஓட்டல் கதவை இப்போதுதான் திறந்திருக்கிறீர்கள். சைக்கிளில் ஒருவர் வந்து நிற்கிறார். கேரியரில் ஈரச் சாக்கு. அதற்குள் நாரை, கொக்கு, நீர்க்கோழி. "பாய், பிராய்லர் பக்கத்துல நிக்க முடியாது. பார்த்துப் போட்டுக் குடுங்க" என்கிறார்.

நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

நம் வாசலில் வந்த விருந்தாளி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பக்கம் போகிறவர்களுக்குக் கழுவேலி தெரியும். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான். 2021 டிசம்பரில் தமிழக அரசு இங்கே 5,151.60 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் கழுவேலி இடம் பெற்றது.

மழைக்காலம் வந்துவிட்டால் மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் பறவைகள் இங்கே வந்து இறங்குகின்றன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருகின்றன. பிழைப்புக்காகக் கடல் கடந்து போகும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பயணத்தின் அருமை தெரியும். அவ்வளவு தூரம் தப்பி வந்த உயிர் நம் ஊர்க் கண்ணியில் சிக்கிக் குழம்பாக வேண்டுமா?

சட்டம் யாரைப் பிடிக்கும்?

"பிடித்தவன்தானே குற்றவாளி? நான் காசு கொடுத்து வாங்கினேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையின் இறைச்சியை வாங்குவதும் குற்றம்; உணவகத்தில் சமைத்துப் பரிமாறுவதும் குற்றம். 2022-ல் சட்டம் திருத்தப்பட்ட பின், பொதுவான குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் சிறை மூன்றாண்டுக்குக் குறையாது. ஏழாண்டு வரை போகலாம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வலையும் கண்ணியும் மட்டுமல்ல, விஷம் கலந்த தானியத்தைத் தூவியும் பறவை பிடிக்கிறார்கள். நஞ்சு தின்று செத்ததைப் பிறகு கழுத்தறுத்தால் ஹலால் ஆகிவிடுமா? சாக்கில் கிடப்பது எப்படிச் செத்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாத ஒன்றை வாடிக்கையாளரின் தட்டில் வைப்பது வணிக நாணயமா?

அதற்காகச் சாக்கோடு வந்தவரைத் திருடன் என்று விரட்ட வேண்டாம். அவர் ஏழை. நாம் வாங்குவதால்தான் அவர் பிடிக்கிறார். வாங்குகிற கை நின்றால் கண்ணி வைக்கிற கையும் நிற்கும்.

வேடந்தாங்கல் சொல்லும் கணக்கு

சென்னை நெடுஞ்சாலையில் மதுராந்தகம் அருகே உள்ள வேடந்தாங்கலைப் பாருங்கள். வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர் விவசாயிகள் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்து உத்தரவிட்டார். படிப்பில்லாத அந்த மக்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது: பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். கொக்கு பூச்சியைத் தின்னும். ஆந்தை எலியைத் தின்னும். விவசாயிக்கு விளைந்தால்தானே மண்டிக்கு மூட்டை வரும்? மண்டி நடந்தால்தானே நம் கடைவீதி நடக்கும்?

நாளைக்கே செய்யக்கூடியவை

ஓட்டல்காரர்களே! காட்டுப் பறவை வாங்குவதில்லை என்று இன்றே முடிவெடுங்கள். பண்ணைக் கோழியும் காடையும் போதும்.

கோழிக்கடை நடத்துபவர்களே! கழிவை ஏரிக்கரையில் கொட்டாதீர்கள். அதற்குக் கூடும் நாய்கள்தாம் தரையில் கூடு கட்டும் பறவையின் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன.

கடை வாசலில் கூண்டுக் கிளி தொங்கவிட்டிருப்பவர்களே! பச்சைக்கிளியை வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். அதை வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

இளைஞர்களே! விழுப்புரம், திண்டிவனம் ஏரிகளில் வலையோ கண்ணியோ கண்டால் நீங்களே சண்டைக்குப் போகாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஜமாஅத் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு இதைப் பேசுங்கள்.

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று ஒதுங்குவது சுலபம். ஆனால் ஐயாயிரம் ஹெக்டேரிலும் காவலர் நிற்க முடியாது. உங்கள் கடை வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள்.

நாளை விடியற்காலை அந்த சைக்கிள் வரும். சாக்கு அவிழும். "வேண்டாம் அண்ணே, இனிமேல் இங்கே கொண்டு வராதீங்க" என்று சொல்ல எத்தனை பேர் தயார்?