இரவல் வாங்கிய நோக்கங்கள்

நம் இளைஞர்கள் எழுதும் தன்வரலாறுகளில் பெரும்பாலானவை எந்தப் பதிப்பகத்தின் வாசலையும் மிதிப்பதில்லை. அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் குழுக்களுக்கு அவை நேரே போய்ச் சேருகின்றன. ‘ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்ப்பஸ்’ என்றும் ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்றும் வழங்கும் அந்த எழுத்தை இங்கே நோக்கக் கடிதம் என்போம். ஒன்றிரண்டு பக்கம். என்ன படித்தேன், எங்கே எனக்கு ஐயம் எழுந்தது, அதைத் தீர்த்துக்கொள்ள உங்கள் துறைக்கு ஏன் வர விரும்புகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவர் தம் வாழ்வைப் பற்றித் தாமே எழுதும் உரைநடை எதுவாயினும் அது இலக்கிய வாசகரின் கவலைக்கு உட்பட்டதே என்பது எங்கள் பதில்.

புத்தகம் படிக்கிறவர்கள் என்னும் பெயர் இருப்பதால், பிழை திருத்தித் தரும்படி எங்களிடம் இத்தகைய கடிதங்கள் வருவதுண்டு. பெயரை மறைத்துவிட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடிவதில்லை. எல்லோரும் சிறு வயதில் வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் வானொலியே இல்லாத காலத்தில் பிறந்தவர்களும் கழற்றியிருக்கிறார்கள். எல்லோருக்கும் கணினி மீது தீராத காதல். படிப்பு முடிந்ததும் எல்லோரும் நாட்டுக்குத் தொண்டாற்றப் போகிறார்கள். இரண்டாம் ஆண்டில் கணிதத்தில் அரியர் வைத்து, இரவெல்லாம் படித்துத் தேறி, அதன் பிறகே அப்பாடத்தின் சுவையை அறிந்தவர் ஒருவர்கூட இல்லை. நம் கல்லூரிகளை அறிந்த எவரும் இதை நம்பமாட்டார்.

இது தமிழருக்கே உரிய நோயன்று. பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் 2007-இல் சுமார் 50,000 விண்ணப்பங்களை ஆராய்ந்தபோது, எட்டு வயதில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியை வைத்துப் பைஜாமாவைப் பொசுக்கிக்கொண்ட ஒரே கதையை 234 பேர் எழுதியிருந்தது தெரியவந்தது. அத்தனை பைஜாமாக்கள் எரிந்திருக்க நியாயமில்லை. அதே அமைப்பு 2026 சேர்க்கையிலிருந்து நீள்கட்டுரையையே கைவிட்டு, மூன்று நேரடிக் கேள்விகளுக்கு மாறிவிட்டது.

ஆனால் இங்கே இந்நோய்க்கு நாமே வளர்த்த வேர் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் ஒரு மாணவர் ‘நான்’ என்று எழுதும் இடங்களை எண்ணிப் பாருங்கள். ‘நான் முதலமைச்சரானால்’ என்பது ஒன்று. காய்ச்சல் காரணமாக விடுப்பு வேண்டும் விண்ணப்பம் மற்றொன்று. முன்னது கற்பனை, பின்னது பெரும்பாலும் பொய். கட்டுரைக்குக் குறிப்புச் சட்டகம் தரப்படுகிறது. முன்னுரையும் முடிவுரையும் உரைநூலில் ஆயத்தமாக இருக்கின்றன. சொந்தமாக ஒரு வரி எழுதினால் மதிப்பெண் குறையும் என்னும் அச்சம் வேறு. எந்தப் பிரிவில் சேர்வது என்பதைக் கட்-ஆஃப் முடிவு செய்கிறது, எந்தக் கல்லூரி என்பதைக் கலந்தாய்வு முடிவு செய்கிறது. இருபத்தோராம் வயதில், அயல்நாட்டு முகவரி ஒன்றிலிருந்து, முதன்முறையாக ஒரு கேள்வி வருகிறது: உனக்கு என்ன வேண்டும்? அதற்கான விடையைத்தான் நாம் கன்சல்டன்சியில் காசு கொடுத்து வாங்குகிறோம். இப்போது சாட்ஜிபிடி அதைக் காசில்லாமலே, இன்னும் வழவழப்பாகத் தருகிறது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் இரண்டு. ஆங்கிலம் நம் மொழியன்று, ஆகவே பிறர் எழுதித் தருவதில் பிழையில்லை என்பது முதலாவது. 1913 ஜனவரி 16 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தை இவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய அக்கடிதம் சேர்க்கை கேட்டு எழுதப்பட்டதன்று. ஆயினும் நோக்கக் கடிதத்துக்கு அதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை. ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகக் கல்வி இல்லை, ஓய்வு நேரமெல்லாம் கணிதம் என்று தம் நிலையை மறைக்காமல் சொல்கிறார். கண்டறிந்தவற்றை இணைக்கிறார். தாம் ஏழை, இவற்றில் மதிப்பேதும் இருந்தால் வெளிவரச் செய்யுங்கள் என்கிறார். பால்யக் கதை கிடையாது. அந்த ஆங்கிலம் முழுவதும் ராமானுஜனுடையதாக இருக்க முடியாது என்று ஹார்டியே பின்னாளில் எழுதியிருக்கிறார். இருக்கட்டுமே! சொற்களுக்கு நண்பர்கள் துணை நின்றிருக்கலாம்; தேற்றங்களும் தேவையும் அவருடையவை. மொழியை இரவல் வாங்கலாம், நோக்கத்தை இரவல் வாங்க முடியாது.

தன்னைப் புகழ்வது நம் மரபன்று, ஆகவே நம் பிள்ளைகளுக்கு இது வராது என்பது இரண்டாவது சமாதானம். மரபைப் படிக்காதவர்கள்தாம் மரபின் பெயரால் இப்படிப் பேசுவார்கள். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே இதற்கு விடை சொல்லிவிட்டார். எத்தனை துறைகளைக் கரைகண்டாலும் தற்புகழ்ச்சி தகாது என்று விதித்தவர், அடுத்த நூற்பாவில் நான்கு விலக்குகளைத் தருகிறார். அவற்றில் முதலாவது, அரசனின் அவைக்கு ஓலை எழுதும் இடம். இரண்டாவது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே நிற்கும் இடம். சேர்க்கைக் குழு இவ்விரண்டும் சேர்ந்த இடமல்லவா? ஆனால் பவணந்தியார் இசைவு தந்தது தன்னிடம் உள்ள ஆற்றலைச் சொல்வதற்கே. கழற்றாத வானொலியைக் கழற்றியதாகச் சொல்வதற்கன்று.

எல்லோரும் செய்வதுதானே, விட்டுவிடுங்கள் என்போருக்கும் ஒன்று சொல்வோம். 2020-க்குப் பிறகு அமெரிக்கத் துறைகள் பல ஜி.ஆர்.இ. தேர்வைக் கைவிட்டுவிட்டன, கடிதத்தின் எடை கூடியிருக்கிறது. கல்விக் கடனுக்காக வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. ஏன் போகிறோம் என்று இரண்டு பக்கம் எழுதத் தெரியாமல் ஒருவர் விமானம் ஏறினால், அந்தக் கேள்வி அங்கே குளிர்கால இரவொன்றில் திரும்பி வரும். அப்போது எழுதித் தர எந்தக் கன்சல்டன்சியும் உடன் இருக்காது. எழுத முயன்றவருக்கு, தமக்கு அந்தப் படிப்பே வேண்டாம் என்றுகூடத் தெரியவரலாம். அதுவும் ஒரு விடைதான். இலட்சக்கணக்கான ரூபாயைக் காப்பாற்றும் விடை.

ஆகவே இனி எங்களிடம் கடிதம் கொண்டுவரும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். முதலில் தமிழில் எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்த பாடத்தில் நீங்கள் மாட்டிக்கொண்டு விழித்த ஓர் இடத்தை எழுதுங்கள். அரியர் இருந்தால் அதையும் எழுதுங்கள். எப்படித் தேறினீர்கள் என்பதில்தான் உங்களைப் பார்க்க முடியும். அதன்பின் அதை ஆங்கிலமாக்க எத்தனை இரவுகள் வேண்டுமானாலும் உடன் உட்காருகிறோம். நகல் கடிதங்களுக்கு ஒற்றுப்பிழை பார்க்கும் வேலையை மட்டும் இன்றோடு நிறுத்திக்கொள்கிறோம்.