நூலகக் கணினியில் எந்த உலாவி?

ஒரு வாசகர் என்ன புத்தகம் எடுத்துப் போனார் என்று யாராவது வந்து கேட்டால் நாம் சொல்வதில்லை. அதே வாசகர் நம் இணையப் பிரிவில் அரை மணி நேரம் உட்கார்ந்து தன் நோயைப் பற்றித் தேடினால், அந்தத் தேடல் விளம்பர நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்வதை நாம் கண்டுகொள்வதில்லை. பெரும்பாலான நூலகங்களில், கணினியை அமைத்துக் கொடுத்தவர் போட்டுவிட்டுப் போன உலாவியே அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பது நூலகரின் வேலை.

2005-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், குறிப்பிட்ட நேரத்தில் ஒரு நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர் பற்றிய விவரம் கேட்டு, நூலகக் கூட்டமைப்பு ஒன்றுக்கு எஃப்பிஐ கடிதம் கொடுத்தது. கடிதம் வந்ததையே வெளியில் சொல்லக் கூடாது என்றும் தடை. கூட்டமைப்பின் பொறுப்பிலிருந்த நான்கு நூலகர்கள் வழக்குப் போட்டார்கள். 2006-ல் தடையும் விலகியது, எஃப்பிஐ தன் கோரிக்கையையும் கைவிட்டது. எல்லா நூலகங்களாலும் அப்படி வழக்காட முடியாது. பதிவே இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோராலும் முடியும்.

'இன்காக்னிட்டோவில் திறந்து கொடுக்கிறோமே' என்று பலர் சொல்கிறார்கள். குரோமின் அந்தத் தனியுரிமைச் சாளரம் செய்வது, மூடியதும் அந்தக் கணினியில் வரலாறும் குக்கிகளும் தங்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. எதிர்முனையில் இருக்கும் தளங்களும் அவற்றில் ஒட்டியிருக்கும் கண்காணிப்பு நிரல்களும் பார்ப்பதை அது தடுக்காது. இதை வைத்து 2020-ல் தொடுக்கப்பட்ட வழக்கில், அப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024-ல் ஒப்புக்கொண்டது.

இந்தக் கண்காணிப்புக்கு உதவுபவை, பார்க்கும் தளத்தைத் தவிரப் பிற தளங்கள் வைக்கும் குக்கிகள். அவற்றை சஃபாரி 2020-ல் முழுமையாகத் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-ல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனியே அடைத்து வைப்பதை இயல்பமைப்பாக்கியது. குரோமும் 2020-ல் அவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது, பலமுறை தள்ளிப்போட்டது, 2024-ல் திட்டத்தையே கைவிட்டது. வருமானம் விளம்பரத்திலிருந்து வரும் நிறுவனத்திடம் வேறு முடிவை எதிர்பார்ப்பதற்கில்லை. நீட்சிகளுக்கான விதிகளையும் அது மாற்றியதால், விளம்பரத் தடுப்பில் மிகச் சிறந்த யூபிளாக் ஆரிஜின் குரோமில் முழு வடிவில் இயங்குவதில்லை. ஃபயர்ஃபாக்ஸில் இயங்குகிறது.

ஆகவே மேசைக் கணினிக்கு எங்கள் பரிந்துரை ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதை உருவாக்கும் நிறுவனத்தின் மீதும் கேள்விகள் உண்டு. அதன் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடலை இயல்பாக வைப்பதற்குக் கிடைக்கும் பணம். 2025 தொடக்கத்தில், பயனர் தரவை விற்கவே மாட்டோம் என்ற பழைய வாக்குறுதியைத் தன் பக்கங்களிலிருந்து எடுத்தது பலத்த கண்டனத்துக்கு உள்ளானது. ஆனாலும் நமக்குத் தேவையான கட்டுப்பாடு அதில் கிடைக்கிறது. நிறுவிய கோப்புறைக்குள் 'டிஸ்ட்ரிபியூஷன்' என்று ஒரு துணைக்கோப்புறை போட்டு, வேண்டிய அமைப்புகளை எழுதிய 'பாலிசிஸ் டாட் ஜேசன்' என்ற ஒரே கோப்பை அதில் வைத்தால் போதும். மூடும்போது வரலாறும் குக்கிகளும் அழியும். கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கேட்காது. படிவங்களில் எழுதியது நினைவில் நிற்காது. யூபிளாக் தானாக வந்து சேரும். எல்லாக் கணினிகளுக்கும் அதே கோப்பை நகலெடுத்துவிடலாம்.

இரண்டு இடங்களில் கோட்டை விடுகிறோம். வாசகர் உலாவியை மூடாமல் எழுந்து போனால் எதுவும் அழியாது. அடுத்தவர் உட்காரும்போது முன்னவரின் மின்னஞ்சல் திறந்தே இருக்கும். ஆள் மாறும்போது உலாவியை மூடித் திறப்பதைப் பணியாளர் வழக்கமாக்க வேண்டும். அடுத்தது, இறக்கிய கோப்புகள். தேர்வு விண்ணப்பம் போட வந்தவரின் ஆதார் நகலும் சாதிச் சான்றிதழும் டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடக்கும். உலாவி அழிப்பது இறக்கங்களின் பட்டியலை, கோப்புகளை அல்ல. தினமும் இரவில் அந்தக் கோப்புறையைக் காலி செய்ய ஏற்பாடு வேண்டும்.

மற்றோர் உலாவியான பிரேவ், குரோமுக்கும் அடிப்படையான குரோமியத்தின் மேல் கட்டப்பட்டது. நிறுவியவுடனேயே கண்காணிப்பை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் 2020-ல் முகவரிப் பட்டையில் தன் கமிஷன் இணைப்பைச் சேர்த்துப் பிடிபட்டது. அதன் கிரிப்டோ வசதிகளும் பொதுக் கணினிக்கு வேண்டாதவை, அணைத்துவிடலாம். பயனரின் அடையாளத்தை மறைக்கும் டார் உலாவியை ஒரு கணினியிலாவது வைக்கச் சொல்வோம். வீட்டு வன்முறை பற்றியோ வழக்கு பற்றியோ தேட வரும் ஒருவருக்கு அதுவே தகுந்தது. வேகம் குறைவு, சில தளங்கள் திறக்காது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். அதில் நீட்சி எதையும் சேர்க்கக் கூடாது. எல்லாப் பயனர்களும் ஒரே மாதிரி தெரிவது அதன் காப்பில் முக்கியமான பகுதி. எழுத்துருக்களும் திரை அளவும் செருகுநிரல்களும் போன்ற விவரங்களே ஓர் உலாவியைக் கூட்டத்தில் அடையாளம் காட்டிவிடும் என்பதை 2010-லேயே இணைய உரிமைகளுக்கான இஎஃப்எஃப் அமைப்பு காட்டியது. அது சோதித்த உலாவிகளில் 83.6 விழுக்காடு தனித்துத் தெரிந்தன.

வாசகர்கள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் கைபேசியைப் பற்றித்தான். நம் நாட்டில் ஐபோனில் எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் என்ற உலாவி இயந்திரம்தான். சஃபாரியே போதும், தடுப்பு நீட்சி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் யூபிளாக்கை ஏற்கிறது, பிரேவும் நல்ல தேர்வு.

ஆனால் 2025 ஜூனில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்டதை ஒவ்வொரு நூலகரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள் பின்னணியில் சில உள் இணைப்புவழிகளைத் திறந்துவைத்துக் காத்திருந்தன. அவற்றின் உரிமையாளரான மெட்டாவின் நிரல் உள்ள தளத்தை உலாவியில் திறந்ததும், அந்த நிரல் குக்கி அடையாளத்தைக் கைபேசிக்குள்ளேயே செயலிக்குக் கைமாற்றியது. செயலியில் பயனர் தன் கணக்கோடு உள்நுழைந்திருப்பதால், பார்த்த தளமும் ஆளும் இணைந்துவிட்டன. குக்கிகளை அழித்தும் பயனில்லை, இன்காக்னிட்டோவும் காக்கவில்லை. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனம் 2017 முதல் இதே வழியைக் கையாண்டு வந்தது. செய்தி வெளியான உடனேயே மெட்டா இதை நிறுத்திக்கொண்டது. உலாவிகளும் அந்த வழியை அடைக்கத் தொடங்கின.

எனவே கைபேசியோடு வந்து நிற்கும் வாசகருக்கு உலாவியின் பெயரைச் சொல்வதற்கு முன், அதில் என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்று கேளுங்கள். எப்போதாவது பார்க்கும் சமூக ஊடகமென்றால் செயலியை நீக்கிவிட்டு உலாவியிலேயே திறந்து பார்க்கலாம் என்று சொல்லி, அங்கேயே உடனிருந்து செய்து காட்டுங்கள்.