"36 டிகிரி தானே சார்?"

கொஞ்சம் நீளமான த்ரெட். வானிலை மேப்பைப் பத்திப் பேச ஒரு டாக்டருக்கு என்ன இருக்குன்னு கேட்கலாம். காரணம் இருக்கு, படிங்க.

ஒரு மே மாசம், மதியம் மூணு மணி. கட்டட வேலை பார்க்கும் 38 வயசுக்காரர் ஒருத்தரை எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. நினைவு குழம்பி உளறல். உடல் வெப்பநிலை 41.4 டிகிரி செல்சியஸ். உடம்பெல்லாம் வியர்வை. (வியர்வை நின்னாதான் ஹீட் ஸ்ட்ரோக்னு நினைக்காதீங்க. கடுமையா உழைக்கிறவங்களுக்கு வியர்த்துக் கொட்டும்போதே வரும்.) ஐஸ் தண்ணி, ஃபேன்னு எல்லாம் போட்டு வெப்பத்தை இறக்கினோம். ஆனா கிட்னி அடிபட்டு, நாலு முறை டயாலிசிஸ் பண்ண வேண்டி வந்தது. பிழைச்சிட்டார்.

கூட வந்த மேஸ்திரி ஃபோனை நீட்டினார். "36 டிகிரி தானே சார் காட்டுது? வேலூர்ல 42. அங்கேயே வேலை நடக்குது." ஃபோன் பொய் சொல்லல. மேப்பில் வேலூர் ரத்தச் சிவப்பு, எங்க கடலோர ஊர் இளம் ஆரஞ்சு. அவர் நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணிட்டார். யாரா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பாங்க.

நம்ம உடம்பு சூட்டை வெளியேற்றும் முக்கிய வழி வியர்வை ஆவியாகறது. காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருந்தா ஆவியாகாது, சும்மா வழியும். இதை அளக்கத்தான் வெட் பல்ப் வெப்பநிலைன்னு ஒண்ணு இருக்கு. தெர்மாமீட்டரில் ஈரத்துணியைச் சுத்தி, காத்துல வெச்சா என்ன காட்டுதோ அது. 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம்னா வெட் பல்ப் சுமார் 24. வெறும் 36 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம்னா சுமார் 30! பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வெச்சு செஞ்சு, 2022ல் வெளியிட்ட சோதனைகளில், லேசான வேலைக்கே 31 வாக்கில் உடம்பு சமாளிக்க முடியாம போச்சு. நம்ம ஆள் வெயிலில் சிமென்ட் மூட்டை தூக்கிட்டிருந்தார். (42ல் ஆபத்தே இல்லைன்னு சொல்லல. அங்க உடம்பு வேற மாதிரி வறளும்.)

அப்போ மேப்பில் ஈரப்பதம் இல்லையா? இருக்கு. மெனுவுக்குள்ள போய் லேயரை மாத்தினா வரும். ஆனா அது வரும்போது வெப்பநிலை மேப் மறைஞ்சிடும். மறைஞ்ச படத்தை மனசுல வெச்சு அடுத்த படத்தோட ஒப்பிடறது மனுஷ மூளைக்குச் சுத்தமா வராத வேலை.

எங்க துறையில் இதுக்கு எப்பவோ விடை கண்டுபிடிச்சாச்சு. ரேடியாலஜிஸ்ட் ரூமுக்குள்ள எட்டிப் பாருங்க. ஒரு திரையில் போன வருஷ சிடி ஸ்கேன், பக்கத்துத் திரையில் இன்னைக்கு எடுத்தது. ஒண்ணை ஸ்க்ரோல் பண்ணினா இன்னொண்ணும் கூடவே நகரும். அதே நுரையீரல், அதே இடம், ரெண்டு தேதி. கட்டி 2 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தாலும் கண்ணுல குத்தும்.

வானிலைக்கும் இதைச் செய்யலாம், செஞ்சும் இருக்காங்க. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் 2008ல் 128 திரைகளை அடுக்கி ஒரு சுவரே கட்டினாங்க. அதோட முக்கியமான பலன் பிரம்மாண்டம்னு நான் நினைக்கல. ஒரே இடத்தின் பல கணக்கீடுகளைப் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பார்க்க முடியறதுதான் பலன்.

நம்ம ஊர் கன்ட்ரோல் ரூம் சுவர்களில் பெரும்பாலும் நான் பார்க்கறது என்ன? பத்துத் திரையைச் சேர்த்து ஒரே மேப்பைப் பெருசா ஓட விடறாங்க. போட்டோவுக்கு நல்லா இருக்கும். அந்தக் காசுக்கு நாலு மேப் வையுங்க: பகல் வெப்பம், ராத்திரி வெப்பம், வெட் பல்ப், அதோட அரசு மருத்துவமனைகளில் அன்னைக்கு வந்த வெப்பப் பாதிப்பு கேஸ்கள். ஒரு தாலுகாவைத் தொட்டா நாலும் அங்கே போகணும். ராத்திரி மேப்பை விட்டுடாதீங்க. பகல்ல வெந்த உடம்பு தேறறது ராத்திரியில்தான்.

கேஸ் மேப் ஏன் வேணும்னா, வானிலைத் தரவுக்கு ஒரு எல்லை இருக்கு. உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஈரா5 தரவில் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். அகமதாபாத்தில் 2010 மே மாச வெப்ப அலையில், வழக்கத்தை விட 1,344 பேர் கூடுதலா இறந்ததா பின்னாடி ஆய்வில் தெரிஞ்சது. அங்கே ஒரு மருத்துவமனையில் மகப்பேறு வார்டு இருந்தது மேல் மாடியில். அதைக் கீழ்த்தளத்துக்கு மாத்தின பிறகு, வெப்பத்தால் பாதிக்கப்பட்டு வந்த பச்சைக் குழந்தைகள் எண்ணிக்கை குறைஞ்சது. 31 கிலோமீட்டர் கட்டத்துக்குள்ள எந்த மாடின்னு எந்த சாட்டிலைட் சொல்லும்? வார்டு ரெஜிஸ்டர்தான் சொல்லும்.

சாட்டிலைட்னதும் ஞாபகம் வருது. 2022 ஏப்ரல் கடைசியில் வட மேற்கு இந்தியாவில் 60 டிகிரின்னு ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுத்துச்சே? அது தரையின் சூடு, காத்தோட சூடு இல்லை. ரெண்டையும் பக்கத்துல வெச்சிருந்தா அந்தக் கலவரமே இல்லை. இன்னொண்ணு: பக்கத்துப் பக்கத்துல வெச்சாலும் நிற அளவுகோல் ஒண்ணா இருக்கணும். போன வருஷ மேப்பில் சிவப்பு 40, இந்த வருஷ மேப்பில் சிவப்பு 44ன்னா, அது ஒப்பீடு இல்லை, ஏமாத்து வேலை.

அரசு செய்யற வரைக்கும் நீங்களே ஒண்ணு செய்யலாம். எர்த் நல்ஸ்கூல்னு ஒரு இலவசத் தளம் இருக்கு. அதில் உங்க ஊரை வெச்சு வெப்பநிலையைத் திறங்க. இடம், நேரம், லேயர் எல்லாம் அந்த இணைப்பிலேயே பதிஞ்சிருக்கும். அதைக் காப்பி பண்ணி இன்னொரு விண்டோவில் போட்டு, லேயரை மட்டும் ஈரப்பதத்துக்கு மாத்துங்க. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. ஃபோனும் லேப்டாப்பும் இருந்தா இன்னும் வசதி.

அந்த மேஸ்திரிக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். போன வாரம் ரெண்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "நாளைக்கு ரூஃப் காங்கிரீட் சார். காலைல அஞ்சரைக்கே ஆரம்பிச்சு பத்துக்குள்ள முடிச்சிடவா?"

முடிச்சிடுங்கன்னு சொன்னேன்.