அடையாளம் விழாத முத்திரை

2022 ஆகஸ்ட் 15 முதல் இலங்கையில் சாதாரண கடிதமொன்றுக்கான குறைந்தபட்சக் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற அந்த வருடத்தில், இந்த உயர்வு அதிகம் பேசப்படவில்லை. இக்காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்போர் இருக்கின்றனர். வர்த்தமானியில் வரும் வேலைவாய்ப்புக்கு, உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயரைக் குறித்துப் பதிவுத் தபாலில் விண்ணப்பிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில்தான் இருக்கின்றனர். ஐந்தாறு விண்ணப்பங்கள் அனுப்பும் வேலையற்ற ஒருவருக்கு இது சிறு தொகையன்று.

செலவு கூடும்போது ஒரு பழைய பழக்கம் நினைவுக்கு வருகிறது. வந்த கடிதத்தில் தபாலகத்தின் திகதி அடையாளம் விழாமல் தப்பிய முத்திரையை நீரில் ஊறவைத்து உரித்தெடுத்து, மறுபடியும் ஒட்டுவது. முன்வரிசையில் நின்று தொழுவோரும் இதைச் சிக்கனம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அவ்வாறு கருதவில்லை. முத்திரை என்பது ஒரு கடிதத்தைக் கொண்டு சேர்ப்பதற்கான கூலி. கடிதம் கைக்கு வந்தபோதே அக்கூலி செலவாகிவிட்டது. ஊழியர் அடையாளமிடத் தவறியது நமக்குக் கிடைத்த அன்பளிப்பாகாது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் ஸூரா அல்-முதஃப்பிஃபீனைத் தராசு பிடிக்கும் வியாபாரிகளுக்கு மட்டும் உரியதென ஒதுக்கிவிடுகிறோம்.

திணைக்களம் நட்டத்தில் ஓடுவதற்கு நாமேன் விலை கொடுக்க வேண்டும் என்பது அடுத்த வாதம். கட்டணம் அநீதியெனில் முறைப்பாடு எழுதலாம் (அதை அனுப்பவும் முத்திரை வேண்டும் என்பது வேறு விடயம்). ஆனால் பொதுச் சொத்தில் நாமே கழித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) தேனுக்கு ஆசைப்பட்டபோது, அவருடைய மனைவி அரச தபால் பிராணியில் ஆளனுப்பி அதை வாங்குவித்தாராம். அதையறிந்த கலீஃபா தேனை விற்று, மனைவியின் முதலைத் திருப்பிக் கொடுத்து, எஞ்சியதைப் பொது நிதியில் சேர்த்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தம் ஆசைக்காகப் பொதுமக்களின் பிராணியைக் களைப்படையச் செய்ததே அவரை உறுத்தியது. பள்ளிவாசல் நிர்வாகத்தின் முத்திரையைச் சொந்தக் கடிதத்தில் ஒட்டுவோரும் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

சிக்கனத்துக்கு வேறு வழிகள் உண்டு. பெருநாள் வாழ்த்தைத் தொலைபேசியில் சொல்லலாம். ஒரே அலுவலகத்துக்குரிய பத்திரங்களை ஓர் உறையில் இடலாம். உறையை ஒட்டுமுன் நிறுத்துப் பார்த்து, தேவையற்ற தாளை எடுத்துவிடலாம். இவற்றைவிட முக்கியமானது, வேலை தேடும் பிள்ளைகளின் தபால் செலவை மஹல்லாவின் ஸதகா நிதியிலிருந்து ஏற்பது. மாதத்துக்குச் சில ஆயிரம் ரூபா போதும். அதற்கு ஒரு கூட்டமும் தேவையில்லை.

முன்பு முத்திரையை உரித்து ஒட்டியவர் தௌபா செய்வதோடு, அதே பெறுமதியுள்ள புதிய முத்திரையைத் தபாலகத்தில் வாங்கிக் கிழித்துவிடலாம். உரிய பணம் உரிய இடத்தைச் சென்றடைந்துவிடும். எவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.